குளிர்வாயுவும் ஒரு பழைய வேனும்

நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழும் நமக்குக் குளிரைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து நான்காயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மண்ணிலே, தை மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். லயத்து இஸ்தோப்பிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பு மூட்டும் தாய்மாரின் பிள்ளைகள் நாம். இத்தகைய நாட்டிலிருந்து ஒருவன் குளிரூட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால், வாசகர் நகைப்பது இயல்பே. ஆயினும், மோட்டார் வாகனமொன்றின் குளிரூட்டிக்குள்ளே சுற்றிவரும் ஒரு பிடி வாயுவின் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுக் கால உலக வரலாறு மறைந்து கிடக்கின்றது. அவ்வரலாற்றிலே விஞ்ஞானமும் இலாபமும் மோதிக்கொண்டன. செல்வ நாடுகளும் வறிய நாடுகளும் வழக்காடின. ஈற்றில், எளிய மனிதர் சிலரது கையில் அதன் விலைச்சீட்டு வந்து சேர்ந்தது. அவ்விலைச்சீட்டை நான் நேரிற் கண்டமையாலேயே இதனை எழுத முற்படுகின்றேன்.

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். இரசாயனம் என் துறையன்று. ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பின்னர் தயங்கி நின்றான். "சேர், அண்ணனுடைய வேனுக்கு எந்த கேஸ் அடிக்கிறது நல்லதுன்னு வாசிச்சுச் சொல்ல முடியுமா? கராஜில ஆளுக்கொரு கதை சொல்லுறாங்க" என்றான். அவனுடைய அண்ணன் தோட்டத்து லயத்திலே பிறந்தவன். கொழும்பிலே கடையொன்றில் பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தோடு, தாயின் நகையையும் அடகு வைத்து, பழைய 'டொல்பின்' வேன் ஒன்றை வாங்கியிருந்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றி வருவது அவனது தொழில்.

அவ்வேன் 1990ஆம் ஆண்டளவில் யப்பானிலே செய்யப்பட்டது. அவ்வளவு பழைய வண்டியை ஏன் வாங்கினான் என்று கேட்பது எளிது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்தில் முப்பது வயது வண்டிகளும் பொன்னின் விலை பெற்றன. ஏழையின் தெரிவு என்பது பெரும்பாலும் தெரிவின்மையின் மறுபெயர்.

குளிரூட்டி இயங்காத வேனில் வெளிநாட்டார் ஏறமாட்டார். கீழ்நாட்டு வெக்கையில் ஏறவும் இயலாது. மலைக்கு வந்த பின்னரும் அதன் தேவை தீர்வதில்லை. இறம்பொடைக்கு மேலே மூடுபனி இறங்கும்போது, பத்துப் பேரின் மூச்சினால் வண்டியின் முகப்புக் கண்ணாடி உட்புறமாக வெண்மை பூண்டுவிடும். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுப்பதனாலேயே கண்ணாடி தெளிகின்றது. ஒரு பக்கம் பாதாளம், மறுபக்கம் கற்சுவர் என்றிருக்கும் சாலையிலே அது ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு.

அந்த வேனின் வாயு கசிந்து போயிருந்தது. முதலில் அவன் போன கராஜ் ஒன்றிலே, சமையல் எரிவாயுச் சிலிண்டரிலிருந்து குழாய் பொருத்தி நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். மலிவு, குளிரும் நன்றாக வந்தது. அடுத்த வாரம் ஆசிரியர்கள் சிலர் அதே வேனில் கண்டிக்குச் செல்ல நேர்ந்தது. புசல்லாவையைத் தாண்டியதும் வண்டிக்குள்ளே அடுப்படி வாடை பரவியது. முன்னிருக்கையில் இருந்தவர் சிகரெட் பற்றவைக்கக் கையை எடுத்தார். சாரதி கத்திய கத்தலில் நாங்கள் எல்லோரும் 'ஷட்டர்'களைத் திறந்துகொண்டு சாலையோரத்தில் இறங்கி நின்றோம். ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவ்விடயத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

வரமாக வந்த வாயு

குளிரூட்டியின் தத்துவம் நம் பாட்டிமார் அறிந்ததே. மண்பானையின் மேற்பரப்பிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது, தண்ணீர் குளிர்கின்றது. நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் ஒரு பொருளை மூடிய குழாய்க்குள் அடைத்து, ஓரிடத்தில் ஆவியாக்கியும் மறுபுறத்தில் அமுக்கித் திரவமாக்கியும் சுற்றவிட்டால் அதுவே குளிர்ப்பொறி. வண்டிக்குள்ளே இருக்கும் சுருளில் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. எஞ்சினால் ஓட்டப்படும் கம்பிரசர் அதனை அமுக்குகின்றது. முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகின்றது.

சிக்கல் அந்தப் பொருளைத் தெரிவதிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகியன பயன்பட்டன. இவை நஞ்சுகள். வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் கசிந்து, உறங்கிய குடும்பங்கள் உறக்கத்திலேயே மாண்டன. அத்தகைய செய்தியொன்றைப் படித்து வருந்திய அயின்ஸ்ரைன், சிலார்ட் என்ற இளம் விஞ்ஞானியுடன் சேர்ந்து, கசிவதற்கு இடந்தராத குளிர்ப்பெட்டியொன்றை அமைக்க 1920களின் பிற்பகுதியில் முயன்றார் என்பர்.

1928இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி என்பவர் தம் துணைவர்களுடன் சேர்ந்து புதியதொரு பொருளைக் கண்டார். காபன், குளோரின், புளோரின் ஆகிய மூன்றும் பிணைந்த அது தீப்பற்றாது, நஞ்சன்று, உலோகத்தை அரிக்காது. 1930இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டமொன்றிலே மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுதிரியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அவையோர் கைதட்டினர். ஜெனரல் மோட்டர்சும் டூபொண்டும் கூட்டாக அமைத்த நிறுவனம் அதனைப் 'பிரியோன்' என்ற பெயரில் விற்றது. தொழிலாளர் வழக்கில் ஆர் 12 எனப்படும் வாயு இதுவே. 1939இல் பக்கார்ட் நிறுவனம் காரில் குளிரூட்டியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்குள்ளேயும் இவ்வாயுவே சுற்றியது.

இதே மிட்ஜ்லியே 1921இல் பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலக்கும் வழியையும் கண்டவர் என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. உலகின் காற்றை இருமுறை மாசுபடுத்திய மனிதர் என்று பிற்காலத்தார் அவரைத் தூற்றினர். அது முழு நியாயமன்று. 1930இல் நின்று பார்த்தால், இவ்வாயு உறங்கும் குழந்தைகளைக் காத்த வரமே. உடனே கொல்லாத பொருள் மெல்லக் கொல்லக்கூடும் என்று கேட்கும் அறிவு அன்று இல்லை. ஆனால் அவ்வறிவு வந்த பின்னரும் கேட்க மறுத்தார்களே, குற்றம் அங்கேதான் தொடங்குகின்றது.

அறிவும் இலாபமும்

1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லொக் என்ற ஆங்கிலேயர் தாமே அமைத்த நுண்கருவியுடன் கப்பலேறித் தென்துருவக் கடல்வரை சென்று, எங்கும் இவ்வகை வாயு பரவிக் கிடப்பதை அளந்து கண்டார். செய்யப்பட்ட வாயுவிற் பெரும்பங்கு எங்கும் அழியாமல் வானிலேயே மிதக்கின்றது என்பது அதன் பொருள். 1974இல் மெக்சிக்கோவில் பிறந்த மரியோ மொலினாவும் அமெரிக்கரான ஷெர்வுட் ரோலண்டும் அடுத்த கேள்வியைக் கேட்டனர்: மிதக்கும் வாயு ஈற்றில் என்னாகும்? மேல்வளி மண்டலத்தை அடைந்ததும் கடுங்கதிர் பட்டுப் பிளந்து குளோரினை உதிர்க்கும். ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்பது அவர்கள் கண்ட விடை. ஓசோன் என்பது சூரியனின் புறவூதாக் கதிரை வடிகட்டும் மெல்லிய திரை. அது நைந்தால் தோற்புற்றும் கண்புரையும் பெருகும்; பயிர்களும் கடலின் நுண்ணுயிர்களும் துன்புறும். காலை முதல் மாலைவரை திறந்த மலைச்சரிவிலே கூடை சுமந்து நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இதைவிட நெருங்கிய விஞ்ஞானச் செய்தி வேறெதுவாக இருக்க முடியும்?

உற்பத்தியாளர் என்ன செய்தனர்? நிரூபணம் போதாது என்றனர். 1975இல் டூபொண்ட் நிறுவனம் நாளேடுகளில் விளம்பரஞ் செய்து, நம்பத்தக்க சான்று கிடைத்தால் உற்பத்தியை நிறுத்துவதாக வாக்களித்தது. 1985 மே மாதத்தில், ஹலி விரிகுடா ஆய்வுநிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பொறுமையோடு அளந்துவந்த பிரித்தானிய ஆய்வாளர்களான பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அந்தாட்டிக்காவின் வானில் வசந்த காலத்து ஓசோன் பெருமளவு குறைந்துபோயிருப்பதை வெளியிட்டனர். டூபொண்ட் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது 1988 மார்ச்சில். வாக்குக்கும் செயலுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். அதற்குள் மாற்று வாயுக்களை உருவாக்கும் போட்டியும் தொடங்கிவிட்டது. பழைய சந்தை மூடும்போது புதிய சந்தையின் சாவியும் அதே கையில் இருக்க வேண்டும் என்பது வணிகத்தின் நியதியன்றோ?

1987 செப்டெம்பர் 16ஆம் நாள் 24 நாடுகள் மொன்றியல் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டன. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. ஆனால் இந்தியாவும் சீனமும் இணைய மறுத்தன. அவர்களுடைய வாதம் நேர்மையானது. வானைக் கிழித்த வாயுவிற் பெரும்பகுதியைச் செய்து பயன்படுத்தியவை செல்வ நாடுகள்; நம் நாடுகளிற் குளிர்ப்பெட்டி நுழையத் தொடங்கிய வேளையில் கதவைச் சாத்தி, மாற்று வாயுவையும் புலமையுரிமை விலைகொடுத்து வாங்கச் சொன்னால் அது என்ன நியாயம்? 1990 ஜூனில் இலண்டனில் நடந்த மாநாட்டிலே இந்தியாவின் சார்பில் மேனகா காந்தி இவ்வழக்கை உறுதியாக எடுத்துரைத்தார். விளைவு, பல்தரப்பு நிதியம் உருவாயிற்று. மூன்றாண்டுக்கு 16 கோடி டொலர். இந்தியாவும் சீனமும் இணைந்தால் 24 கோடி டொலர் என்று தொகை குறிக்கப்பட்டது. தலைக்கு 0.3 கிலோகிராமிற்குக் குறைவாகப் பயன்படுத்திய வளர்முக நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணையும் உறுதியாயிற்று. செல்வ நாடுகள் 1996 தொடக்கத்துடனும், வளர்முக நாடுகள் 2010 தொடக்கத்துடனும் இவ்வாயுக்களை விட்டொழித்தன. தமிழகத்தின் மேட்டூரிலும் இவ்வகை வாயு உற்பத்தியாகியது. இந்தியா 2008ஆம் ஆண்டிலேயே தன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2009இல் உலகின் எல்லா நாடுகளும் இவ்வொப்பந்தத்தை ஏற்றிருந்தன.

பெருந்தீங்கு செய்தவன் பெருஞ்செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு சர்வதேச உடன்படிக்கையொன்றிலே பணமாகவும் தவணையாகவும் உருப்பெற்ற அரிய நிகழ்ச்சி இது. அதனை யாரும் இரக்கத்தால் தரவில்லை. மறுத்து நின்றதாற் பெறப்பட்டது.

நம் மண்ணிலும் ஒரு மாற்றம்

இவ்வொப்பந்தம் காருக்கும் குளிர்ப்பெட்டிக்கும் மாத்திரம் உரியதன்று. தேயிலை நாற்றுமேடை மண்ணில் வேர்களைத் தின்னும் வட்டப்புழுக்களை ஒழிப்பதற்கு மெதயில் புரோமைட்டு என்னும் வாயுவைச் செலுத்துவது நம் தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. மணமற்ற கொடிய நஞ்சு அது, நரம்பைத் தாக்குவது, ஓசோனையும் அழிப்பது. மொன்றியல் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளை ஆராய்ந்தது. வளர்முக நாடுகள் 2015 தொடக்கத்துடன், ஏற்றுமதிக்கு முன்னரான நோய்த்தடுப்புப் பயன்பாடு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அதனைக் கைவிட்டன. 2001 அக்டோபரில் இவ்வொப்பந்த நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் கொழும்பிலேயே நடைபெற்றது. வானத்து ஓட்டையைப் பற்றிப் பேசிய மாநாட்டின் தீர்மானங்கள் நம் தாய்மார் மண்பை நிரப்பும் நாற்றுமேடை வரைக்கும் தொடர்புடையனவாயிருந்தன என்பதை அவர்களிடம் எவரும் சொன்னதாக நானறியேன்.

'மாற்று' என்னும் சொல் மலையகத்துக்குப் புதிதன்று. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. காலப்போக்கிற் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை மாற்றாக வந்தது. துரைமாரின் நட்டம் நூல்களில் விரிவாகக் காணப்படும். கூலி நிலுவையோடு கைவிடப்பட்ட தொழிலாளரின் நட்டத்தைத் தேடித்தான் காணவேண்டும். மாற்றம் வரும்போதெல்லாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: மாற்று எது? அதன் செலவு யாருடையது? முதலாவதை மாத்திரம் கேட்பது தொழில்நுட்பம். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே வரலாறு.

தொழிலாளர் கண்ட மாற்று

ஆர் 12இன் இடத்துக்கு வந்தது ஆர் 134ஏ. குளோரின் இல்லாதபடியால் ஓசோனுக்கு அது ஊறு செய்யாது. 1990களின் முற்பகுதியில் உலகின் கார் உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினர். ஆனால் வானம் வெப்பமாவது என்னும் மற்றொரு கணக்கிலே அதுவும் கடனாளியே. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர் 12 ஏறத்தாழ 10,900 கிலோ கரியமில வாயுவுக்கும், ஒரு கிலோ ஆர் 134ஏ ஏறத்தாழ 1,430 கிலோவுக்கும் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆதலால் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் இவ்வகையையும் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டனர். இலங்கை 2018இல் அதனை ஏற்றது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களுக்கு 134ஏ விலக்கப்பட்டு, 1234வைஎஃப் என்ற வாயு பரவியது. வெப்பமூட்டும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. எனினும் அது சிறிதளவு தீப்பற்றக்கூடியது. விலையோ நம்மைப்போன்றோர் எட்டாதது.

இதனிடையே மற்றொரு வழியும் திறந்தது. அதன் கதை இவ்விதழின் வாசகருக்கு விருப்பமானதாக இருக்கும். கிழக்கு ஜேர்மனியின் ஷார்பன்ஸ்டைன் என்னும் ஊரில் குளிர்ப்பெட்டித் தொழிற்சாலையொன்று இருந்தது. இரு ஜேர்மனிகளும் இணைந்த பின்னர், 1992இல் அதனை மூடிவிட முடிவு செய்யப்பட்டது. டோர்ட்முண்ட் நகரச் சுகாதார ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர், புரப்பேனும் பியூட்டேனும் கலந்த எளிய வாயுவாற் குளிர்ப்பெட்டியை இயக்கிக் காட்டியிருந்தனர். கிரீன்பீஸ் இயக்கம் முன்வந்து மாதிரிப் பெட்டிகள் சிலவற்றை அத்தொழிற்சாலையிலே செய்வித்தது. பெருநிறுவனங்கள் இதனை வெடிகுண்டு என்று கடைக்காரரை எச்சரித்தன. மக்களோ பல்லாயிரக் கணக்கில் முன்பதிவு செய்தனர். 1993இல் உற்பத்தி தொடங்கியது. எச்சரித்த நிறுவனங்களே சிறிது காலத்தில் அதே வாயுவுக்கு மாறின. அத்தொழிற்சாலையின் நிறுவனம் 1996இல் நொடித்துப் போயிற்று. ஆனால் அவ்வழி அழியவில்லை. இன்று உலகெங்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளிற் பெருந்தொகையானவை அத்தகைய வாயுவினால் இயங்குகின்றன. யாருடைய புலமையுரிமையும் தேவைப்படாத ஒரு பொருள் உலகை வென்றது.

பழைய வேனுக்கு எது?

அப்படியானால் அந்தக் கராஜ்காரர் சமையல் வாயுவை நிரப்பியது சரிதானே என்று மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. விடை அன்று என்பதே. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் அவ்வாயு சிறிதளவே உண்டு. குழாய்கள் பற்றவைத்து மூடப்பட்டவை. அந்தப் பொறி அதற்கென்றே அமைக்கப்பட்டது. காரிலோ கம்பிரசர் பட்டியினால் இழுக்கப்படுகின்றது; அதன் தண்டின் வழியாகக் கசிவுண்டு; இணைப்புகள் இறப்பர்க் குழாய்கள்; குளிர்ச்சுருள் பயணிகள் அமரும் அறைக்குள்ளேயே இருக்கின்றது. மோதல் நேர்ந்தால் முதலில் நசுங்குவது முகப்பிலிருக்கும் கண்டென்சர். அமெரிக்காவில் கார்களில் ஆர் 12க்குப் பதிலாக இத்தகைய எரிவாயுவை நிரப்புவது சட்டவிரோதம். போதாக்குறைக்குச் சமையல் சிலிண்டரில் ஈரமும் அழுக்கும் வாடைக்கெனச் சேர்த்த கந்தகச் சேர்வையும் உண்டு. அவை பொறியை உள்ளிருந்தே கெடுக்கும். தூய வாயுவாயினும், அதற்கேற்ப வடிவமைக்காத பழைய வேனில் பத்துப் பேரின் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆர் 12ஐயே தேடிப் பிடிப்பது இரண்டாவது வழி. உற்பத்தி நின்றுபோன பொருள் அது. சந்தையில் அப்பெயரில் வருவது கலப்படமா கள்ளச்சரக்கா என்று அறிவதே அரிது. 'எதையும் மாற்றத் தேவையில்லை, அப்படியே ஊற்றலாம்' என்று விற்கப்படும் கலவைகள் மூன்றாவது வழி. அவற்றுட் சிலவற்றில் ஓசோனை அழிக்கும் ஆர் 22 கலந்திருக்கும். மேலும் கலவை கசியும்போது அதன் கூறுகள் ஒரே விகிதத்திற் கசிவதில்லை. உள்ளே எஞ்சியிருப்பது என்னவென்று எவருக்கும் தெரியாது. 1234வைஎஃப் நான்காவது, இப்பழைய அமைப்புக்கு அது பொருந்துவதுமில்லை, விலையும் கட்டுப்படியாகாது.

எஞ்சுவது முறையாக மாற்றியமைத்து ஆர் 134ஏ நிரப்புவது. 'முறையாக' என்ற சொல்லே இங்கு உயிர்நிலை. பழைய வாயுவோடு சுற்றிய கனிய எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது. கலவாத எண்ணெய் கம்பிரசருக்குத் திரும்பாது. சில மாதங்களில் அது வறண்டு இறுகிவிடும். ஆகவே பழைய எண்ணெயை வடித்துக் குழாய்களைக் கழுவி, எஸ்டர் வகை எண்ணெயை விடவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் 'ட்ரையர்' புதிய வாயுவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். இணைப்புகளின் இறப்பர் வளையங்களை மாற்றவேண்டும். பழைய குழாய் வெடித்திருந்தால், உட்புறத் தடுப்புள்ள புதுக்குழாய் பொருத்தவேண்டும். நிரப்பும் வாய்களையும் 134ஏக்கு உரியனவாக மாற்றவேண்டும்; அப்போதுதான் பின்னாளில் எவரும் தவறி வேறொன்றை அடைக்கமாட்டார். பின்னர் வெற்றிடப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுதாக இழுத்தெடுத்து, கசிவில்லை என்று உறுதிகண்டபின், பழைய அளவில் ஏறத்தாழ 80 முதல் 90 வீதம் மாத்திரமே நிரப்பவேண்டும்.

கூடுதலாக நிரப்பினாற் கூடுதலாகக் குளிரும் என்பது நம் கராஜ்களில் நிலவும் மூடநம்பிக்கை. வெப்பம் மிகும்போது 134ஏ, ஆர் 12ஐ விட உயர்ந்த அமுக்கத்தில் இயங்கும். கடுகண்ணாவை ஏற்றத்திலே நண்பகலில், லொறிக்குப் பின்னால் முதற் கியரில் ஊரும்போது கண்டென்சருக்குக் காற்றே கிடையாது; அமுக்கம் எகிறும்; நலிந்த குழாய் பிளக்கும். ஆதலால் கண்டென்சரைக் கழுவித் துப்புரவாக்குவதும், விசிறியைச் சரிபார்ப்பதும், அமுக்கம் மிஞ்சினாற் கம்பிரசரை நிறுத்தும் ஆளியைப் பொருத்துவதும் அவசியம். ஈற்றில், இன்ன வாயு, இன்ன எண்ணெய், இன்ன அளவு, இன்ன நாள் என்று எழுதிய சீட்டொன்றை எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டவேண்டும்.

ஆர் 12 எஞ்சியுள்ள வண்டியாயின், அதனை வானில் திறந்துவிடாது உரிய கருவியால் மீட்டெடுப்பது கடமை. அவ்வாயு ஏறத்தாழ நூறாண்டுகள் அழியாதிருப்பது. நாம் இன்று விடுவது நம் பேரர்களின் தலைக்கு மேலே நிற்கும். இதில் வேலைசெய்யும் பையனின் உடல்நலமும் அடங்கியுள்ளது. ஆர் 12 தீச்சுவாலையிற் பட்டால் பொஸ்ஜீன் என்னும் போர்க்கள நச்சுவாயு உண்டாகும். மூடிய கராஜினுள் கசிவிருக்கும்போது பற்றவைப்பு விளக்கோடு குனிந்து நிற்கும் பதினெட்டு வயது இளைஞனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இதற்கான கைந்நூல்கள் நம் மொழியிலே அவன் கையில் இல்லை. முகவுரைகளிலும் மேடைகளிலும் விஞ்ஞானத் தமிழ் வளர்கின்றது. கராஜில் அவன் விரலால் தொட்டு அறியவேண்டிய இடத்தில் வளரவில்லை. தமிழாசிரியர்களாகிய நாம் இதற்கு நாணவேண்டும்.

செலவுக் கணக்கு

அந்த அண்ணன் முழு மாற்றமே செய்வித்தான். வேறொரு கராஜில் இருந்த முதியவர் சமையல் வாயுவைத் திறந்த வெளியில் கவனத்தோடு அகற்றி, இரண்டு நாள் வேலை செய்தார். சமையல் வாயு நிரப்பிய செலவைப் போலப் பன்மடங்கு அதற்கு ஆயிற்று. பாதியைக் கையிலும் பாதியை மூன்று தவணையிலும் கொடுத்தான்; இருமாதங்கள் தாயின் நகை அடகிலிருந்து மீளுவது தள்ளிப்போயிற்று. எஞ்சின் மூடியின் உள்ளே ஒட்டிய சீட்டை என் மாணவனே தமிழிலும் சிங்களத்திலும் எழுதினான். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தியது மாத்திரமே என் பங்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வாயுவைக் கண்டவர் அமெரிக்கர்; இலாபமடைந்தவை பெருநிறுவனங்கள்; வண்டியை முதலில் ஓட்டித் தீர்த்தவர் யப்பானியர்; வயதேறிய வண்டி, தன் பழைய வாயுவோடும் பழைய எண்ணெயோடும், நம் துறைமுகத்தில் வந்திறங்கியது. சர்வதேச நிதியம் தொழிற்சாலைகளுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் உதவியது. அதன் பயனை நாம் மறுக்கலாகாது. ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் வேன் சாரதியின் செலவை எந்த நிதியமும் எட்டவில்லை. ஒரு தாயின் தாலிக்கொடியே அங்கு நிதியமாயிற்று.

கிகாலித் திருத்தத்தின்படி இலங்கை போன்ற நாடுகள் 2029 முதல் படிப்படியாகக் குறைத்து, 2045இல் 80 வீதக் குறைப்பை எட்டவேண்டும். ஆகவே இன்று நிரப்பிய 134ஏயும் நாளை பழைய வாயு ஆகும்; அவனுக்கோ அவனிடமிருந்து வண்டியை வாங்குபவனுக்கோ இன்னொரு விலைச்சீட்டு காத்திருக்கின்றது. இம்முறையாவது அது மேலிருந்து கீழே உருண்டு வராமல் தடுக்க வழியுண்டு. வாயுவை மீட்டெடுக்கும் பொறியும் பயிற்சியும் கொழும்பில் நின்றுவிடாது அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வரவேண்டும். சிறு கராஜ்களுக்கும் சாரதிகளுக்கும் எளிய கடன் வேண்டும். கைந்நூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். 1990இல் இலண்டனில் நாடுகள் கேட்டுப் பெற்ற நியாயத்தின் மிச்சப் பகுதி இதுவே. இதனையும் கேட்டுத்தான் பெறவேண்டும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. அந்தாட்டிக்கா நீங்கலாக உலகின் பெரும்பகுதியில் ஓசோன் திரை 2040ஆம் ஆண்டளவிலும், அந்தாட்டிக்காவில் 2066ஆம் ஆண்டளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலையை மீண்டும் எய்தும் என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு மதிப்பிட்டுள்ளது. மனித குலம் தான் செய்த பிழையைத் தானே அறிந்து, கூடிப் பேசி, திருத்தத் தொடங்கிய வரலாறு இது. அடுத்த மாதம் என் வகுப்பில் 'சூழலும் நாமும்' என்று வழக்கமான கட்டுரைத் தலைப்பைக் கொடுக்கப்போவதில்லை. ஊரிலுள்ள கராஜ் ஒன்றுக்குச் சென்று, அங்கே வேலைசெய்பவரிடம் கேட்டு, வண்டியொன்றுக்கு வாயு மாற்றும் முறையை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எழுதிவரச் சொல்லப்போகின்றேன். நன்றாக எழுதப்பட்டதை அச்சிட்டுச் சுவரில் ஒட்ட அந்த முதியவர் இப்போதே இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றார்.